பத்தாவது மலை

மலையேறப் போன என் மகள் இரண்டு நாள் போன் எடுக்காமல் இன்று காலைதான் பேசினாள். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அம்பத்தூரில் ரயில் ஏறியதும், மடியில் செம்மண் அப்பிய ஷூவோடு எதிரே இருந்த ஐம்பது வயதுப் பெண் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மலையேத்தக் கூட்டினு போறவங்க ஃபாரத்துல, ஆபத்துன்னா கூப்பிட என் நம்பரையே குடுத்துட்டேன்க்கா."

"நீ உருண்டா நீயே எடுத்துப் பேசுவியாடி?"

"மவன் நம்பர் குடுத்தா உடமாட்டான்க்கா. நம்ம பக்கத்து உசரமான மலைங்க பத்துல ஒம்பது ஏறிட்டேன், ஏழு வருஷமா. பர்வதமலைல பாறைல அடிச்சு வச்ச கடப்பாறையப் புடிச்சுகினு ஏறணும், அது மட்டும் வேணாம்னுட்டான். ஒண்ணுல நிக்கிறதா?"

"ஏறினியா?"

"ஏறினேன்! பத்தும் முடிச்சா, கூட்டினு போற சாரு உச்சிலருந்தே ஃபாரத்துல குடுத்த நம்பருக்குப் போன் பண்ணி ஊட்டுக்கு சேதி சொல்வாரு. என் பையில போன் அடிக்குது. பத்தடி தள்ளி அந்தாண்ட திரும்பி நின்னுகினு, 'அம்மா பத்தாவதும் முடிச்சிட்டாங்க, வாழ்த்துகள்'ன்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ரொம்ப சந்தோசம் சார், அம்மா வந்ததும் சொல்றேன்னேன்."

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"மவன் கத்தப் போறான்டி."

"கத்தட்டும்க்கா. பத்தும் ஏறியாச்சு. இனிமே எதத் தடுப்பான்?"