மணல் தொட்டியில் ஒரு பொம்மை

புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டுக்குச் செல்லும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவள் காலியான மீன் கூடையை மடியில் வைத்திருந்தாள். மற்றவர், பிள்ளைச்சாவடியில் அவள் மகள் படிக்கும் மழலையர் பள்ளியின் ஆசிரியை.

"இனிமே எம்பொண்ண மணல்ல வெளையாட வுடாதீங்க டீச்சர். பொம்மையப் பொதைக்கிறாளாமே?"

"அது மட்டுமா? மத்த புள்ளைங்கள வரிசையா நிக்க வச்சி, ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போடச் சொல்றா. கையால செஞ்சி கத்துக்கட்டும்னுதான் அந்த மணல் தொட்டி வச்சோம்."

"நல்லாத்தான் கத்துக் குடுத்தீங்க! அவங்கப்பாவ எடுத்த அன்னிக்கு, அவ எதையும் பாக்கக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட அனுப்புனேன்?"

ஆசிரியை அவள் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்மேலதாம்மா. அன்னிக்கும் வழக்கம்போல பத்து மணிக்கு வெளிய வெளையாட வுட்டுட்டேன். வேலிக்கு அந்தாண்ட இடுகாடு. மேளச் சத்தம் கேட்டு நான் ஓடறதுக்குள்ள, இவ கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னா. இழுத்தும் வரல."

"கடைசி வரைக்கும் பாத்தாளா?"

"பாத்தா."

அந்தப் பெண் சண்டையிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொம்பளைங்க வரக் கூடாதுன்னு என்னத் தெருமுனையிலயே நிறுத்திட்டாங்க டீச்சர். எந்த எடம்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது. அவளக் கேட்டா காட்டுவாளா?"

"காட்டுவா. தெனமும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துதான் தோண்டறா."