தனிக்குடித்தனம் போன நிரல்

என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கும் தலைவர் அவர்களே! திறந்த மூல மென்பொருளுக்குத் தூக்கத்தைத் தானம் தந்த பெரியோர்களே! பிள்ளைகள் எழுதுவது புரியாமலே பூரித்துப்போகும் தாய்மார்களே! முன்வரிசையில் நடுவே ஆறு நாற்காலி விட்டு அமர்ந்திருக்கும் என் கணவர் அவர்களே, என் நாத்தனாரே! அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு கணினிகள், நடுவில் எவர் தயவுமின்றி நேருக்கு நேர் பேச, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி என் கணவர் ஒரு நிரல் நூலகம் எழுதினார். ஊரார் கணினிகளைப் பேச வைத்தவர், உடன்பிறந்த தங்கையிடம் பேசினாரா? பக்கத்து அறையில் இருப்பவளிடம் பேசினாரா? பேசவில்லை!

சண்டை எதற்கு? சொத்துக்கா? நகைக்கா? மூன்று நொடிக்கு! மறுமுனை அதற்குள் பதில் தராவிட்டால் அவர் நிரல் இணைப்பைத் துண்டித்துவிடும். மலைமேல் ஒரு செவிலி எக்ஸ்ரே படத்தைக் கீழே மருத்துவருக்கு அனுப்பப் பார்ப்பார். இணையம் தவழ்ந்து வரும். நிரல் கதவைச் சாத்தும். முப்பது நொடி காத்திருக்கும்படி திருத்தி, தங்கை அண்ணனுக்கு அனுப்பினாள். இன்றோடு பதினோரு மாதம், பதில் இல்லை!

"அண்ணி, உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியுதான்னு கேளுங்க" என்பாள் அவள். "நிரல் எழுத இவகிட்டதான் நான் கத்துக்கணுமான்னு கேளு" என்பார் இவர். நேரிணைப்பு நிபுணர்கள் இருவருக்கும் நடுவே தூது போனவள் நான்!

பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் ஃபோர்க் செய்தாள். தாய்மார்கள் பதற வேண்டாம், அது தனிக்குடித்தனம்தான். மொத்த நிரலையும் படியெடுத்து, வேறு பெயரிட்டு, தன் போக்கில் வளர்ப்பது. பாத்திரம் பண்டம் எல்லாம் கொண்டுபோகலாம். பழைய வீட்டில் ஒரு கரண்டிகூடக் குறையாது. யாரங்கே, 'நமக்கு அந்த வசதி இல்லையே' என்பது? உங்கள் மனைவி மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்!

பெயரை மாற்றினாள், நொடியை மாற்றினாள். 'குறை இருந்தால் எழுதுக' என்ற இடத்தில் இருந்த அண்ணனின் மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்ற மறந்தாள். தங்கை நிரலின் புகார்கள் எல்லாம் அண்ணனிடம் போயின. 'இது என் நிரல் இல்லை' என்று தட்டிக்கழித்தாரா? நான் எதையும் எளிதில் நம்பாதவள், எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு கடிதம், நாற்பத்தொரு பதில்!

எப்படித் தெரிந்தது? போன வாரம் அந்தச் செவிலி வீட்டுக்கே போன் செய்தார். "அந்த முப்பது நொடியக் குறைச்சிடாதீங்கன்னு எழுதியிருந்தேன்மா. 'அது என் தங்கச்சி வச்சது, யாரும் தொட மாட்டாங்க'ன்னு ஐயா பதில் போட்டிருந்தார்" என்றார்.

நாத்தனாரே, உனக்கு இது இப்போதுதான் தெரியும். எழுந்து நிற்கிறாயே, என்னைப் பார்த்து என்ன கேட்கிறாய்? 'அப்போ என் திருத்தத்த அவர் நிரல்ல ஏன் இன்னும் சேர்க்கலன்னு கேளுங்க அண்ணி'யா? மாட்டேன். இனி தூது போக மாட்டேன். அவரிடமே கேள்.

கேட்டுவிட்டாள்! அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டதா? "இன்னிக்குக் காலையிலயே சேர்த்துட்டேன். நீதான் பார்க்கல."

பதினோரு மாதத்தில் முதல் நேரிணைப்பு, அதுவும் குற்றச்சாட்டோடு! போதும், இதற்குமேல் நான் நடுவில் இருப்பது நாகரிகம் அல்ல. ஆறு நாற்காலியை அவர்களே கடந்துகொள்ளட்டும். முப்பது நொடிக்கு மேலும் இணைப்பைத் துண்டிக்காமல் கேட்டிருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம்!