ஹாஸ்கெல் கடைக்குப் போன பெட்டி

"ஹலோ... ஆமா, நான்தான். சொல்லு ரே... இல்லடா, தூங்கல. இப்பத்தான் வேலை விட்டு வந்தேன். ஷூகூடக் கழட்டல."

லொரெய்ன் நாற்காலியில் சரிந்தாள். ஆற்றங்கரைத் துப்பாக்கி ஆலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்ற கால்கள். தம்பி எதற்குக் கூப்பிடுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் மகள் கார்லாவை, அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில் கொள்ளையடிக்க வந்த ஒருவன் சுட்டுக் கொன்றான். சுட்டது இந்த ஆலைத் துப்பாக்கி. ரே ஆலைமேலேயே வழக்குப் போட்டுவிட்டான்.

"ஆமா... ஆமாண்டா, சாட்சி சொல்லணும். போன வாரமும் இதையேதான் கேட்ட... நான் வந்து என்னத்தச் சொல்றது? சுட்டவன்தான் உள்ள இருக்கானே. கார் ஏத்திக் கொன்னா கார் செஞ்சவனையா பிடிப்பாங்க?... ஓஹோ! நீயும் பதினெட்டு வயசுல இதே ஆலையிலதான் துப்பாக்கிக் குழாய்க்குத் துளை போட்ட, ஞாபகம் இருக்கா?... இரு, என்னையும் கொஞ்சம் பேச விடு. என் புருஷன் எட்டி மூக்குல குழாயோட படுத்திருக்கான். அவன் ஆக்ஸிஜன் என் கம்பெனி இன்ஷூரன்ஸ்ல வருது. என்னை வெளிய அனுப்பிட்டா அவனுக்கு நீயா வந்து மூச்சு விடுவ?... சரி. சரிப்பா. கத்தாத."

அவள் ஒரு ஷூவைக் கழற்றினாள். இன்னொன்றுக்குக் குனியத் தெம்பில்லை.

"என்னது?... எது, துப்பாக்கி எங்க போகுதுன்னா?... ஹாஸ்கெல் கடையா? அட, அது யாருக்குடா தெரியாது! மத்த கடைக்கெல்லாம் பத்துப் பெட்டி, இருபது பெட்டி. அவனுக்கு மட்டும் தனி லாரி... போலீஸ் போன் பண்ணுவாங்கல்ல, இந்த நம்பர் துப்பாக்கிய எந்தக் கடைக்கு அனுப்புனீங்கன்னு? எங்கயாவது சுட்டிருப்பானுங்க. எங்க பிரிவுல மார்ஜ்னு ஒருத்தி, அவதான் போனை எடுப்பா. அவ கம்ப்யூட்டர்ல தேடறதுக்குள்ள நாங்க மேசையிலேருந்து 'ஹாஸ்கெல்!'னு கத்துவோம். பத்துக்கு எட்டு தடவ சரியா இருக்கும். முதல்ல யார் கத்துறாளோ அவளுக்கு மிச்சமிருக்கிற சர்க்கரை தூவின ஜெல்லி டோனட்... சும்மா விளையாட்டுக்குடா... ஹலோ?... ரே?"

இத்தனை வருஷத்தில் அந்த விளையாட்டை அவள் ஆலைக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே சொல்லும்போது அது சிரிப்பாக இருந்தது.

"இல்ல... ஆமா, மேனேஜரும் அங்கதான் நிப்பார். சிரிப்பார்... ஆமா. அடுத்த வாரமும் லாரி போகும்... அவன் கடைத் துப்பாக்கிதான் இப்படிச் சுடுதுன்னு தெரிஞ்சுதான் அனுப்புனோம். போதுமா?... என்ன பேப்பர்? வக்கீல் கொடுத்ததா?... படி, கேக்குறேன்... ம்... ம்... கார்லாவச் சுட்ட துப்பாக்கிக்கா? அன்னிக்கே போலீஸ் எங்க ஆலைக்கு போன் பண்ணாங்களா?... எத்தனை மணின்னு போட்டிருக்கு?... திரும்பப் படி."

வியாழக்கிழமை, பன்னிரண்டு பத்து. கார்லாவைச் சுட்டது காலை ஒன்பதரைக்கு. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரே தன் அக்காவைக் கூப்பிட்டபோது மணி மூன்று.

"இருக்கேன்... இருக்கேண்டா... ரே, அன்னிக்கு ஒரே ஒரு போன்தான் வந்துச்சு. சாப்பாட்டு நேரம்... இல்ல, மார்ஜ் தேடி முடிக்கல. அதுக்குள்ள பதில் வந்துருச்சு, கம்ப்யூட்டரும் ஹாஸ்கெல்னுதான் சொல்லுச்சு... நான். நான்தான் முதல்ல கத்துனேன்... ஆமா, கொடுத்தாங்க... தின்னேண்டா. முழுசாத் தின்னேன். நீ அழுதுட்டே கூப்பிட்டப்போ என் ஏப்ரன்ல சர்க்கரை ஒட்டிட்டிருந்துச்சு."

படுக்கையறையில் எட்டியின் இயந்திரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"வக்கீல்கிட்டச் சொல்லு, நான் வர்றேன்... எட்டிய எப்படியாவது பாத்துக்கறேன். லாரி போனது, மேனேஜர் சிரிச்சது, நான் தின்னது, எல்லாத்தையும் சொல்றேன். எதையும் மறைக்க மாட்டேன்... ரே? திட்டுறதுன்னா திட்டுடா... ரே?... ஹலோ?"

தான் சொன்ன எந்த வார்த்தையில் அவன் போனை வைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.