வெளித் தாழ்ப்பாள்

இங்கே தரும் பார்லித் தேநீர் நன்றாகவே இருக்கிறது. எங்கள் சங்க அறையில் வகுய் காய்ச்சுவது கழுநீருக்குப் பக்கத்து வீடு. தடோகோரோ உள்ளே இருந்தபோது வெளியே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டீர்களே, ஐயா, அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

நகோயாவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் குட்டிக் கேமராச் சங்கம் அது. தீப்பெட்டி அளவுப் பழைய கேமராக்கள். உளவாளிகள் சட்டைக் கையில் ஒளித்துவைப்பார்களே, அந்த ஜாதி. அதைத் தொட்டவர்களுக்கெல்லாம் எப்படியோ உளவாளிப் புத்தியும் வந்துவிடும். யாராவது நல்ல படம் எடுத்தால் நாங்கள் பாராட்டுவதில்லை. எங்கே பெரிய கேமராவில் எடுத்துவிட்டுக் குட்டியில் எடுத்ததாகச் சொல்கிறானோ என்று பூதக்கண்ணாடியை எடுப்போம். நெகட்டிவை எல்லாரும் பூட்டி வைத்திருப்போம். மிசுஹோ தன்னுடையதைப் பென்சில் பெட்டிக்குள் வைத்துப் பென்சில் பெட்டியைப் பூட்டுவாள்.

என் நாரைப் படம் நகரக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. மழையில் நனையும் நாரை. அதற்குப் பிறகு சங்கத்தில் என் சொல்லுக்கு ஓர் எடை வந்தது. தடோகோரோவுக்கு மட்டும் வரவில்லை.

"ஏண்டா நருமி, நகத்தளவு பிலிம்ல நாரைக்கு இமை முடியெல்லாம் எண்ணலாம் போலிருக்கே. உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கத்தக்கதாகத்தான் இருந்தது.

ஆனால் அவன் சிரிப்போடு விடுகிறவன் இல்லை. குட்டிக் கேமராவுக்கு இப்போது பிலிம் விற்பதில்லை. அகலமான பிலிமை வாங்கி, இருட்டில், சங்கத்தின் அறுப்புக் கத்தியில் நாங்களே கீறி எடுப்போம். அந்தக் கத்தியின் முனையில் ஒரு சின்னப் பிசிறு உண்டு. அதனால் எங்கள் பிலிம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். தான் புதிதாக ஒரு துண்டு கீறி வருவதாகவும், அதை என் நெகட்டிவுக்குப் பக்கத்தில் வைத்து எல்லாரும் பார்க்கலாம் என்றும் சொன்னான். என்னுடையதில் கோடு இல்லாவிட்டால் அது குட்டியில் எடுத்த படம் இல்லை. நியாயமான யோசனை. ஆகட்டும் என்றேன். கீறுவதற்குச் சுருளையும் நானே எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பழையது. பழைய சுருள் கெட்டுப்போனால் காடி வாடை அடிக்கும், கண் எரியும். அவனுக்கு ஆஸ்துமா என்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கும்.

கீறும் இடம், துடைப்பம் வைக்கிற சிற்றறை. எங்கள் வழக்கம் இது: மினுங்குகிற எதுவும் உள்ளே போகக் கூடாது. கைப்பேசி, கடிகாரம் எல்லாம் வாசல் கூடையில். மழைக்காலப் புழுக்கம் என்பதால் சட்டைமேல் போட்டிருந்ததையும் கழற்றிவிடு என்று நான்தான் சொன்னேன். அவனுடைய மூச்சுக் குப்பி அதன் பையில் இருந்தது. அவன் உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டு, கதவிடுக்கில் கருப்பு நாடா ஒட்டினேன். உள்ளே இருப்பவர் "ஆச்சு" என்று சொன்னால்தான் கதவு திறக்கும். வேறு எது சொன்னாலும் திறக்காது. போன இலையுதிர்காலத்தில் கரப்பான் பூச்சிக்குப் பயந்து ஒருவன் கத்த, வகுய் திறந்துவிட, எல்லாருடைய பயணப் படங்களும் வெளுத்துப்போயின. வகுய் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். இந்த முறை தடோகோரோவிடம் எங்கள் பிலிமையும் கழுவும் டப்பாவில் ஏற்றச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அடுத்த கண்காட்சிக்கு வைத்திருந்தவை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருமினான். பிறகு தட்டினான்.

"திறக்கச் சொல்றான்," என்றாள் மிசுஹோ.

"ஆச்சுன்னு சொன்னானா?"

"சொல்லல."

"அப்ப ஆகல."

வகுய் எழுந்தான். உன் பிலிமும் உள்ளேதானே இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன், உட்கார்ந்துவிட்டான். இது தடோகோரோவின் தந்திரம், கோடு ஒத்துப்போய்விடுமோ என்று பயந்து, வெளிச்சம் பட்டுச் சாட்சி அழியட்டும் என்று தட்டுகிறான் என்றும் சொன்னேன். சந்தேகப்படுவது எங்களுக்குச் சுலபம். எல்லாரும் தலையாட்டினார்கள். மிசுஹோ மட்டும் தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தட்டுவது கீழே, கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. நாடா சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். அப்போது சொன்னான். காற்றாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. "ஆச்சு நருமி. ஆச்சு."

என்ன சொல்கிறான் என்று பின்னாலிருந்து மிசுஹோ கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்காம்," என்றேன்.

நாடாவின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். வகுய் அரிசி அப்பளம் உடைத்தான். சத்தம் நின்று வெகுநேரம் கழித்து, மிசுஹோதான் நாடாவைக் கிழித்தாள். அவளைத் திட்டாதீர்கள் என்று மற்றவர்களிடம் நான் சொன்னேன், விசாரித்துப் பாருங்கள்.

மற்றவர்கள் யாரையும் இதில் இழுக்க வேண்டாம். கேட்டது நான், மறைத்தது நான். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாரையைப் பெரிய கேமராவில் எடுத்து, பிலிமைக் குட்டி அளவுக்குக் கத்தரிக்கோலால் நறுக்கினேன் என்பதும் உண்மைதான். அதை மட்டும் எழுதாமல் விட முடியுமா, ஐயா? சங்கத்தில் இன்னும் என்மேல் மரியாதை வைத்திருக்கிறார்கள்.