கணக்கில் வராத பதினொரு நிறுத்தங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணியாரே! வணக்கம். செவ்வாய்க்கிழமை என்னோடு சண்டை போட்ட மனிதர் வியாழக்கிழமை இல்லை என்றால் யார் நம்புவார்? நான் இன்னும் நம்பவில்லை.

நம் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் அழைப்புகளை ஏற்கும் மென்பொருளின் நம்பகத்தன்மையைக் கணித்துவந்த முதுநிலைப் பொறியாளர் அவர். நமக்கெல்லாம் புள்ளி அண்ணன். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் வரைதாளில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளின் இடைவெளி விரிந்தால் தேறுகிறது, சுருங்கினால் சீக்கு முற்றுகிறது என்பார். அதை வைத்து, அடுத்த எட்டு மணி நேரம் நிற்காமல் ஓட நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போட்டுச் சொல்வார். போன வருடம், "பத்து நாளைக்குள்ள படுத்துடும், மாற்று இணைப்பைத் தயாரா வைங்கப்பா" என்றார். சிரித்தோம். ஒன்பதாம் நாள் படுத்தது! மாற்று இணைப்பு இருந்ததால் ஓர் அழைப்புகூடத் தவறவில்லை. அந்த மனிதரையா நாம் ஜோசியர் என்று கேலி செய்தோம்!

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வரும் திங்கட்கிழமை இந்த மென்பொருள் மற்ற எல்லா மருத்துவமனைகளுக்கும் போகவிருக்கிறது. இயக்கப் பிரிவின் தலைவனாக நான் ஒப்புதல் தந்துவிட்டேன். என் பதிவில் இந்த மாதம் இரண்டே நிறுத்தங்கள். அண்ணன் அந்தப் பதிவுத் தாளை என் மேசையில் போட்டார்.

"ரீஸ்டார்ட் பண்ணதெல்லாம் எங்கய்யா?"

"அண்ணே, அணைச்சுப் போட்டா ஓடுது. இதெல்லாம் ஒரு பழுதா?"

"அந்த ரெண்டு நிமிஷத்துல ஒருத்தன் மூச்சுத் திணறிக் கூப்பிட்டா என்ன பண்ணுவே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே!"

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். போகட்டும் என்று விட்டேன். எனக்கு அவ்வளவு கோபம்.

நேற்று அண்ணி சொன்னார்: "ரெண்டு வாரத்துல மூணு தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு தம்பி. தண்ணி குடிச்சதும் எந்திரிச்சிடுவாரு. டாக்டர்கிட்ட போலாம்னா, இதெல்லாம் ஒரு வலியான்னு சிரிப்பாரு."

ஐயோ! அது நான் பேசிய பேச்சு அல்லவா! அண்ணே, எங்கள் பழுதையெல்லாம் எண்ணிய நீங்கள் உங்கள் மூன்றை ஏன் விட்டீர்கள்? யாரிடம் போய்க் கேட்பேன்?

தோழர்களே, இந்த மாதம் நாம் அணைத்துப் போட்டது பதினொரு முறை. எழுத வேண்டாம் என்றது நான்தான்; என் ஆட்கள்மீது தப்பில்லை. நேற்று அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பதினொரு புள்ளிகளையும் நானே வைத்தேன். இடைவெளி வாரா வாரம் சுருங்குகிறது. இயக்குநர் அவர்களே, திங்கட்கிழமை இந்த மென்பொருள் வெளியே போகக் கூடாது. என் ஒப்புதலை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். என் வேலை போனால் போகட்டும். இனி அரை நிமிடம் நின்றாலும் அது எழுதப்படும், அவர் கணக்கை நாங்கள் தொடர்ந்து போடுவோம். இது உறுதி.

அண்ணியாரே, அவர் சொன்னதுதான் சரி. அதை அவரிடமே சொல்ல எனக்கு முழுதாக இரண்டு நாள் இருந்தது. நான் சொல்லவில்லை.