கண்ணாடியில் வளைந்த கோடு

கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆபேல் அப்படிப்பட்டவன் அல்ல. வேலையில் சுத்தமானவன். இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களுக்கு இது சின்ன விஷயம். எங்கள் கல்லூரிப் பௌதிகக் கூடத்தில் இதற்குத்தான் மதிப்பு.

நான் ரசலையன். பதினோரு வருஷமாக அந்தக் கூடத்துக் கருவிகளைக் கவனிக்கிறவன். ஆயிரம் சோதனைக் குழாய்களில் ஈயத் தகடும் அமிலமும் போட்டு, இரண்டாயிரம் வோல்ட் மின்கல வரிசையை என் கையால் கட்டினேன். ஆபேல் சென்னையில் எம்.ஏ. முடித்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

சூடான கண்ணாடி மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும். உள்ளே இருக்கும் சோடிய அயனிகள் மெல்ல நகரும். வோல்ட்டை இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும், வரைபடத்தில் நேர்கோடு வரும் என்றுதான் நாங்கள் படித்தோம். மெல்லிய கண்ணாடியில் வோல்ட்டை மிக உயர்த்தினால் கோடு மேலே வளைகிறது, இரண்டு மடங்குக்குப் பதில் ஐந்து மடங்கு பாய்கிறது என்று ஆபேல் கண்டுபிடித்தான்.

கண்டுபிடித்தான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஒருநாள் என் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு, பேராசிரியர் இருக்கும்போதே என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு இது நாலு வருசம் முந்தியே கெடச்சிருக்கு. நீங்கதான் ஸ்கேல வச்சு நேரா இழுத்துப் போட்டிய."

புள்ளிகள் கோட்டுக்கு மேலே கிடந்தது உண்மைதான். மின்சாரத்தை அளக்கும் மீட்டர் ஊசியின் பிழை என்று நினைத்துவிட்டேன். பேராசிரியர் சிரித்தார். ஆபேல் சிரிக்கவில்லை, எனக்காகப் பரிதாபப்பட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன். லண்டன் விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையில் எனக்கும் ஒரு வரி வைத்திருந்தான், கண்ணாடி தேய்த்துக் கொடுத்ததற்கு நன்றி என்று. அன்றிலிருந்து அவன் கோடு தப்பு என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன்.

கண்ணாடியை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் சூடாக்குவோம். மின்கம்பி பெட்டியில் படாதபடி, அது நுழையும் துளையில் ஒரு தடித்த கண்ணாடிக் குழாய் உண்டு. அந்தக் குழாய் காக்கிறதா என்று முதலில் ஆறு வோல்ட்டில் பார்ப்பேன். ஊசி அசையாவிட்டால், அல்லது அசைந்தாலும் கணக்குப்படி ஆபத்தில்லை என்றால், பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகுதான் ஆபேல் பெட்டியின் பிடியைத் தொடுவான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் கூடத்துக்குள் நுழைவோம். தரை கருங்கல், பெட்டியில் மின்சாரம் ஏறினால் தொட்டவனின் வெறுங்கால் வழியே இறங்கிவிடும்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கம்பியைத் தடித்ததாக மாற்றி, முட்டையோட்டுக் கனமே உள்ள ஒரு குழாயை அதற்குப் போட்டேன். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சூடானதும் ஆறு வோல்ட்டில் ஊசி மயிரிழை அசைந்தது. நேர்கோட்டுக் கணக்குப்படி இரண்டாயிரம் வோல்ட்டிலும் விரல் கூசுவதற்குமேல் ஒன்றும் ஆகாது. ஊசி நின்ற அளவைக் குறித்து, பக்கத்தில் ‘சரி’ என்று எழுதினேன். பிறகு இரண்டாயிரம் வோல்ட்டை இணைத்தேன்.

"அண்ணாச்சி, பெட்டி பாத்தாச்சா?"

"பாத்தாச்சு மக்கா, எழுதியும் போட்டாச்சு. நீ தொடு."

தொட்டான். தொட்ட கையோடு தரையில் சரிந்தான், உயிர் போயிருந்தது.

அவன் மனைவி ஜெயபாய் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்துதானே சொன்னிய அண்ணாச்சி?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். பொய் இல்லையே. விசாரணையில் பேராசிரியரும் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, நேர்கோட்டுக் கணக்குப்படி ஆபத்தில்லை, விபத்துதான் என்றார். மூன்று மாதம் நன்றாகத் தூங்கினேன். ஆபேலின் கோடு தப்பென்றால் என்மேல் குற்றமே இல்லை.

போன வாரம் லண்டனிலிருந்து கட்டுரை திரும்பி வந்துவிட்டது. கோடு வளைவதை நம்ப முடியவில்லை, வேறொருவர் தனியாகச் சோதித்த சான்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவரும் இல்லையே என்று பேராசிரியர் கண் கலங்கினார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சான்று இருக்கிறது, ஐயா. ஆறு வோல்ட்டில் ஊசி நின்ற இடம் என் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டாயிரத்தில் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். நேர்கோடாக இருந்தால் அவன் விரல்தான் கூசியிருக்கும். அவன் கோடு சரி என்று தெரிந்துதான் குழாயை மாற்றினேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கட்டுரை மறுபடி லண்டனுக்குப் போகும்போது இரண்டு பெயரும் போகவேண்டும் என்று மட்டும் பேராசிரியரிடம் சொல்லுங்கள். நான் மூத்தவன், என் பெயர் முதலில் வரட்டும்.