சூளைக்கு மேலே இருந்தவர்

என் பெயர் தாமசின் ரட். வயது நாற்பத்தேழு. காலஞ்சென்ற அம்ப்ரோஸ் ரட்டின் மனைவி. வூஸ்டர் மாவட்டம் பிரேம்லி கிராமத்தில் ஆற்றங்கரைச் சூளைக்கொட்டகையில் குடியிருக்கிறேன். பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வாற்கோதுமையை முளைகட்டி, சூளையில் உலர்த்திக் கொடுப்பது தொழில். சண்டையில் தோற்று அயல்நாட்டில் இருந்த ராஜா நாடு திரும்பிய மறு வருஷம் ஜூன் மாதம், நீதிபதி சர் எவரார்ட் ஹாக்லி அவர்களின் வீட்டுக் கூடத்தில், அவர் முன்னிலையில், அவருடைய எழுத்தர் கேட்க நான் சொல்வதாவது:

என் மேல் உள்ள குற்றம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த சண்டைக் காலத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதை எல்லோரும் மறந்துவிட வேண்டும், மூன்று வருஷத்துக்கு அதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்லிப் பழிக்கக்கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. நான் திடலில் ஊர் பார்க்க நதானியேல் பைக்கை அப்படிப் பழித்தேன் என்பது குற்றம். பழித்தது உண்மை. அது எப்படி வாயில் வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி ராஜா திரும்பி வந்த நாள் என்று, அவர் ஓக் மரத்தில் ஒளிந்து தப்பியதன் நினைவாக, ஊரெல்லாம் ஓக் இலை சூடியிருந்தார்கள். இலை சூடாதவர்களைக் காலில் அரிக்கிற காஞ்சொறிச் செடியால் அடிப்பது என்று அன்றைக்கு ஒரு விளையாட்டும் இருந்தது. எனக்கு அன்று இந்தப் பருவத்தின் கடைசி முளை தரையில் கிடந்தது. முளை கிடக்கும்போது துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் சூடேறிப் புளித்துவிடும். அதனால் இலை பறிக்கப் போகவில்லை. ராஜா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன்.

முளையைப் புரட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கத் திடல் கிணற்றுக்குப் போனேன். அங்கே மேளத்தோடு பைக் வந்தான். இலையை ஒரு கொத்தாகச் சூடாமல் ஒரு கிளையையே தொப்பியில் செருகியிருந்தான். ராஜா இல்லாத பழைய சர்க்கார் கிறிஸ்துமஸ் கொண்டாடக்கூடாது என்று தடுத்திருந்த காலத்தில் வீடு வீடாக வந்து எங்கள் அடுப்பை முகர்ந்து பார்த்த அதே பைக். அவன் என்னை நிறுத்தி, "ஏய் ரட் கிழவி, ஓக் இலை எங்கே? ராஜா வந்தது உனக்குப் புடிக்கலையோ?" என்று கேட்டான். வேலை கிடக்கிறது, வழி விடு என்றேன். "பாத்தீங்களா, பாவாடைக்குள்ள இன்னும் பழைய சர்க்காருதான் நடக்குது!" என்று அவன் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அவன் ஒரு பிடி காஞ்சொறியை எடுத்து என் கணுக்காலில் மூன்று நான்கு அடி அடித்தான். குடம் உடைந்தது. சர் எவரார்ட் குதிரைமேல் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் சொன்னேன். "இன்னைக்குச் செடியால அடிக்கிற. என் புருஷனை எதால அடிச்ச? ராஜாவோட ஆளைக் காட்டிக் கொடுக்கலைன்னுதானேடா அடிச்ச!" இவ்வளவுதான் நான் சொன்னது. இதற்கு மேல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், அது குற்றப்பத்திரத்தில் இல்லாததால் இங்கே சொல்லவில்லை.

என் புருஷன் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியபோது எழுத்தர் பேனாவைக் கீழே வைத்து, "அம்மா, அது பழைய கதை. அதை எழுதினா இன்னொரு குற்றமா சேரும்" என்றார். சேரட்டும், எழுதுங்கள் என்றேன். அவர் சர் எவரார்டைப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகு எழுதினார்.

பத்து வருஷத்துக்கு முன்னால், வூஸ்டர் சண்டையில் ராஜாவின் படை தோற்ற மறுநாள் காலை, அந்தப் படையில் இருந்த எங்கள் நிலச்சுவான்தாராகிய சர் எவரார்ட் ஒரு கால் பூட்ஸ் இல்லாமல் எங்கள் கொட்டகைக்கு வந்தார். சூளைக்கு மேலே, முளை காயப்போடும் தட்டில், பழைய சாக்குகளுக்கு அடியில் அவரைப் படுக்க வைத்தோம். அதன் பிறகு பாராளுமன்றச் சிப்பாய்களை அழைத்துக்கொண்டு பைக் வந்தான், அப்போது அவன் ஊர்க் காவலன். எங்கும் தேடிவிட்டு, மேலே ஏறச் சோம்பல்பட்டு, "சூளையைப் பத்த வை, எலி இருந்தா தானா இருமும்" என்றான். பற்ற வைத்திருந்தால் மேலே இருப்பவர் புகையில் செத்திருப்பார். அம்ப்ரோஸ் சூளை வாய்க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "முளையில்லாம சூளை எரிச்சா தட்டு வெடிச்சுப் போகும், நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றார். பைக் எங்கள் மரத் துடுப்பையே எடுத்து அவரை நெஞ்சிலும் விலாவிலும் அடித்தான். துடுப்பு உடைகிற வரை அடித்தான். அம்ப்ரோஸ் எழுந்திருக்கவில்லை. அதற்குள் சாலையில் வேறு யாரோ ஓடுவதாகக் கூச்சல் கேட்டு எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள்.

அதன் பிறகு சர் எவரார்ட் இறங்கி வந்தார். சாக்குத் தூசியில் இருமல் வராமலிருக்கச் சட்டைக் கையைக் கடித்துக் கிழித்திருந்தார். அம்ப்ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ராஜா திரும்பி வரட்டும் ரட், இந்தக் கொட்டகை உன் ஆயுசுக்கும் உன் பொண்டாட்டி ஆயுசுக்கும் உங்களுதுதான். இது ஹாக்லி வாக்கு" என்றார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அம்ப்ரோஸ் இரத்தமாகத் துப்பித் துப்பி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் இறந்து போனார். எஜமான் தப்பித்துவிட்டாரா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ராஜா வந்தார். இருந்த பீர்ப் பீப்பாயையெல்லாம் திறந்து ஊருக்கு ஊற்றினேன். சர் எவரார்டும் திரும்பி வந்தார். பழைய சர்க்கார் பறித்த அவருடைய நிலத்தை இடைக்காலத்தில் வைத்திருந்த பைக், வழக்கில்லாமல் அதைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பதிலாகச் சர் எவரார்ட் சூளைக்கொட்டகையை அவனுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருப்பதாக ஈஸ்டருக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். இந்த மாதம் யோவான் திருநாளுக்குள் நான் காலி செய்ய வேண்டும். சர் எவரார்டைப் பார்க்க வந்தேன். "பாக்கலாம்மா" என்றார். பார்க்கத்தான் செய்தார், திடலில், குதிரை மேலிருந்து.

இதை நான் சொல்லி முடித்ததும் சர் எவரார்ட் எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார். அவர் பேசியதையும் எழுத வேண்டும் என்று எழுத்தர் திரும்பி வந்ததும் சொன்னேன். சர் எவரார்ட் என்னிடம் சொன்னது இது: "தாமசின், ராஜாவே தன் அப்பாவைக் கொன்னவங்கள்ல பாதிப்பேரை மன்னிச்சுட்டார். நீ கோபத்துல உளறிட்டேன், சண்டைக் காலத்துல நடந்தது எதுவும் ஞாபகம் இல்லைன்னு ஒரு வரி சொல்லு. அபராதம் கிடையாது. கொட்டகை உன் ஆயுசுக்கும் உனக்கே. பைக்குக்கு நான் வேற இடம் பாத்துத் தர்றேன்."

கொட்டகை எனக்கு வேண்டும். அதை இங்கே வெளிப்படையாகவே சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் அந்தத் தரையில் நடந்திருக்கிறேன், எனக்குப் போக வேறு இடமில்லை. அதனால் முதலில் அவரிடம் ஒன்று கேட்டேன். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா எஜமான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சட்டம் எனக்கும்தாம்மா" என்றார்.

அட பாவி மனுஷா என்று நினைத்துக்கொண்டேன். பைக் அடித்தவன், அவனிடம் நான் வேறு எதையும் எதிர்பார்த்ததில்லை. மேலே படுத்துக்கொண்டு ஒவ்வொரு அடியையும் கேட்டவர் இவர். அம்ப்ரோஸ் அடிபட்டதை அறிந்தவர்களில் இந்த ஊரில் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். ஒருவன் சொல்ல மாட்டான், ஒருவருக்கு ஞாபகம் இல்லை. நானும் மறந்துவிட்டேன் என்றால் என் புருஷன் எதற்காகச் செத்தார்?

ஆகவே எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளவும். அபராதத்தையும் எழுதிக்கொள்ளவும். யோவான் திருநாளுக்கு முன்பே கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன், கடைசி முளை காய்ந்தால் போதும்.

இதை எழுத்தர் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். ஹாக்லி வாக்கு என்ற இடத்தை அவர் அடித்திருந்தார், மறுபடி எழுதச் சொன்னேன், எழுதினார். இப்போது இருப்பது நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நடந்தபடியே இருக்கிறது. எனக்கு எழுதத் தெரியாது. எங்கள் சாக்குகளில் அம்ப்ரோஸும் நானும் போடுகிற குறியைக் கீழே போட்டிருக்கிறேன். அது என்ன கோடு என்று சர் எவரார்ட் கேட்டார். துடுப்பு என்றேன்.

தாமசின் ரட், அவள் குறி.